மின் ஒற்றைச்சக்கரம்: இழுவையும் ஓட்டமும்

மின் ஒற்றைச்சக்கரம் என்பது ஒரே ஒரு சக்கரம், அதன் இருபுறமும் காலூன்றப் பெடல்கள், சக்கரத்துக்குள் மோட்டார், கூட்டுக்குள் பேட்டரி ஆகியவை மட்டுமே கொண்ட தனியாள் வண்டி. ஓட்டுபவர்கள் இதைச் சுருக்கமாக ஈயூசி என்பார்கள். இதில் கைப்பிடி கிடையாது, பிரேக் கிடையாது, ஆக்சிலேட்டரும் கிடையாது. முன்னால் சாய்ந்தால் வண்டி ஓடும். பின்னால் சாய்ந்தால் வேகம் தணிந்து நிற்கும். பக்கவாட்டில் விழாமல் பார்த்துக்கொள்வது சைக்கிளைப் போலவே ஓட்டுபவரின் பாடு. முன்னும் பின்னும் விழாமல் தாங்குவது மோட்டாரின் பாடு.

இந்த வேலைப் பங்கீடுதான் வண்டியின் வரலாற்றைத் தீர்மானித்தது. மோட்டார்சைக்கிளில் இன்ஜினின் இழுவை போதாவிட்டால் வேகம் குறையும். ஒற்றைச்சக்கரத்தில் இழுவை தீர்ந்தால் ஆளே விழுவார். 2011இல் கடைக்கு வந்தது முதல் இதன் மோட்டார் திறன் ஏறிக்கொண்டே போனதற்கு வேக ஆசை பாதிக் காரணம்தான். எந்த வேகத்திலும் ஆளை நிமிர்த்தி வைக்கக் கொஞ்சம் இழுவை கையிருப்பில் இருக்க வேண்டும் என்ற தேவை மறுபாதி. காலடியில் வண்டி எப்படி உணரப்படுகிறது என்பதும் அந்தக் கையிருப்போடு சேர்ந்தே மாறிவந்தது.

முன்னோடிகள்

சர்க்கஸில் காணும் மிதி ஒற்றைச்சக்கரம், 19ஆம் நூற்றாண்டில் ஓடிய உயரமான முன்சக்கரச் சைக்கிளிலிருந்து பிறந்தது என்று கருதப்படுகிறது. அதே நூற்றாண்டில், பெரிய வளையம் ஒன்றுக்குள் ஆள் உட்கார்ந்து ஓட்டும் மோனோவீல்களும் செய்யப்பட்டன. இந்த வகையில் பெயர்பெற்றது, 1932இல் இங்கிலாந்தில் ஜே. ஏ. பர்வஸ் உருவாக்கிய டைனாஸ்பியர். ஏறத்தாழ 10 அடி உயர வளையம் அது. மோனோவீலில் ஓட்டுபவரின் எடை அச்சுக்குக் கீழே தொங்குவதால் வண்டி தானாக நிலைகொள்ளும். ஆனால் திடீரென்று வேகம் எடுத்தாலோ பிரேக் பிடித்தாலோ, உள்ளே இருப்பவரும் வளையத்தோடு சேர்ந்து சுழன்றுவிடும் ஆபத்து உண்டு. சக்கரத்தைத் தள்ளும் விசைக்கு எதிர்விசை எங்கே போய்ச் சேரும் என்ற கேள்வி, ஒற்றைச்சக்கர வண்டியை அன்றே பிடித்துக்கொண்டது.

அமெரிக்காவில் சார்லஸ் எஃப். டெய்லர் சுழலும் கைரோஸ்கோப்புகளைக் கொண்டு ஒற்றைச்சக்கர வண்டியை நிமிர்த்த முயன்று, 1964இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். கனமான சுழல் எடைகளைச் சுமந்த அந்த முறை சந்தைக்கு வரவில்லை.

திருப்பம் வேறு பக்கத்திலிருந்து வந்தது. 2001 டிசம்பர் 3 அன்று டீன் கேமன் அறிமுகப்படுத்திய செக்வே, தலைகீழ் ஊசலைப் போல நிற்கும் வண்டி. சாய்வை உணரிகள் அளக்க, மோட்டார்கள் சக்கரத்தைச் சாயும் பக்கமாகவே நகர்த்தி ஆளை நிமிர்த்தின. உள்ளங்கையில் துடைப்பத்தை நிறுத்திவைக்கும் சிறுவன் கையை நகர்த்துவதும் இதே வித்தைதான். செக்வேக்கு அருகருகே இரண்டு சக்கரங்கள் இருந்ததால் பக்கவாட்டுச் சிக்கல் எழவில்லை. டிரெவர் பிளாக்வெல் 2004 வாக்கில் இதே தத்துவத்தில் இருக்கை வைத்த ஒற்றைச்சக்கரம் ஒன்றைச் செய்து ஓட்டிக் காட்டினார். ஹோண்டா 2009இல் யூ3-எக்ஸ் என்ற, 10 கிலோவுக்கும் குறைந்த எடையுள்ள இருக்கை வண்டியைக் காட்சிக்கு வைத்தது. அது நடை வேகத்தில்தான் ஓடும்.

இதற்கிடையே செல்போன்களும் வீடியோ கேம் கருவிகளும் பெருகின. அவற்றுக்காகக் கோடிக்கணக்கில் தயாரான சில்லு வடிவக் கைரோஸ்கோப்பும் முடுக்கமானியும் மலிவாகின. மலிவான உணரி, சக்கரத்துக்குள்ளேயே அமையும் ஹப் மோட்டார், லித்தியம் பேட்டரி ஆகிய மூன்றும் ஒரே காலத்தில் கைக்கு எட்டியபோது மின் ஒற்றைச்சக்கரம் வணிகப் பொருளாக வாய்ப்புக் கிடைத்தது.

சோலோவீல்

சீனாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஷேன் சென், வாஷிங்டன் மாநிலத்தின் காமஸ் நகரில் இன்வென்டிஸ்ட் என்ற நிறுவனத்தை நடத்தியவர். அவர் 2011இல் சோலோவீலை விற்பனைக்குக் கொண்டுவந்தார். இருக்கையை அவர் நீக்கிவிட்டார். பெடல்களைச் சக்கர அச்சுக்குக் கீழே தாழ்வாக வைத்து, ஓட்டுபவர் சக்கரத்தைக் கெண்டைக்கால்களுக்கிடையே பிடித்து நிற்கும்படி செய்தார். இன்றுவரை எல்லா நிறுவனங்களும் பின்பற்றுவது இந்த வடிவத்தைத்தான்.

சோலோவீலின் எடை சுமார் 11 கிலோ. உச்ச வேகம் மணிக்குச் சுமார் 16 கிலோமீட்டர். பெடலை மடித்துக் கையில் தூக்கிக்கொண்டு ரயிலேறலாம். சென் எண்ணியது இவ்வளவுதான்: நிலையத்துக்கும் வீட்டுக்கும் இடையிலான கடைசி ஒன்றிரண்டு கிலோமீட்டரைக் கடக்க ஒரு துணை.

இழுவையின் கணக்கு

வண்டி வேகமெடுக்கும்போது ஓட்டுபவரின் எடை பெடலின் முன்பகுதியில் அழுந்துகிறது. 80 கிலோ எடையுள்ளவர் தன் எடை முழுவதையும் அச்சுக்கு 10 செ.மீ. முன்னால் செலுத்தினால், அவர் கொடுக்கும் திருப்புவிசை ஏறத்தாழ 78 நியூட்டன் மீட்டர். பெடல் கவிழாமல் இருக்க மோட்டாரும் அதே அளவு முறுக்குவிசையைக் கொடுத்தாக வேண்டும். ஓட்டுபவர் கேட்பதும் மோட்டார் கொடுப்பதும் ஒவ்வொரு கணமும் சமமாக இருக்கும்வரை பெடல் தட்டையாக நிற்கும். மோட்டாரால் கொடுக்க முடியாத கணத்தில் பெடல் முன்னால் கவிழும். ஆள் தரையில் இருப்பார்.

மோட்டாரால் எவ்வளவு கொடுக்க முடியும் என்பது வேகத்தைப் பொறுத்தது. சுழலும் மோட்டார் ஒரு ஜெனரேட்டரும்கூட. வேகம் கூடக் கூட அதில் உண்டாகும் எதிர் மின்னியக்கு விசை, பேட்டரியின் மின்னழுத்தத்தை நெருங்கிக்கொண்டே போகும். இரண்டுக்கும் உள்ள இடைவெளி சுருங்கச் சுருங்க, மோட்டாருக்குள் செலுத்தக்கூடிய மின்னோட்டமும் சுருங்கும், முறுக்குவிசையும் குறையும். நின்ற இடத்தில் முரட்டு இழுவை காட்டும் வண்டி, உச்ச வேகத்தில் ஒரு சிறு பள்ளத்தைக்கூடத் தாங்காமல் போவதற்குக் காரணம் இதுதான்.

பேட்டரியின் நிலையும் இதில் சேரும். லித்தியம் அயன் செல் நிறைந்திருக்கையில் 4.2 வோல்ட் கொடுக்கும். 16 செல்களைத் தொடராக இணைத்த பேட்டரி 67.2 வோல்ட்டில் தொடங்கி, செல்லுக்கு 3.3 வோல்ட் என்ற நிலைக்கு இறங்கும்போது 52.8 வோல்ட் ஆகிவிடும். காலையில் பத்திரமாக ஓட்டிய வேகம், மாலையில் சார்ஜ் இறங்கியபின் ஆபத்தான வேகமாக மாறுவது இப்படித்தான். இதற்காகவே எச்சரிக்கைகள் வந்தன. எல்லை நெருங்கும்போது வண்டி பீப் ஒலி எழுப்பும். பிறகு பெடலின் முன்பக்கத்தை உயர்த்தி ஓட்டுபவரைப் பின்னால் தள்ளும். இந்தப் பின்சாய்வுக்குக் கீழ்ப்படியாமல் முன்னால் அழுத்துவதே பல விழுதல்களின் தொடக்கம்.

சீனத் தொழிற்சாலைகளின் காலம்

2013க்குப் பின் இந்த வண்டியின் மையம் சீனாவுக்கு நகர்ந்தது. ஏர்வீல், நைன்பாட், கிங்சாங், காட்வே, இன்மோஷன் ஆகியவை அடுத்தடுத்து வந்தன. ஏர்வீலின் தொடக்க கால வண்டிகளில் 14 அங்குலச் சக்கரமும் 130 வாட்-மணி அளவுள்ள பேட்டரியும் இருந்தன. நைன்பாட் ஒன் வரிசையின் இ-பிளஸ் வண்டியில் 500 வாட் மோட்டார், 320 வாட்-மணி பேட்டரி, மணிக்கு 22 கிலோமீட்டர் வேகம். எடை சுமார் 14 கிலோ. அந்த நைன்பாட் 2015 ஏப்ரலில் செக்வே நிறுவனத்தையே விலைக்கு வாங்கியது.

500 வாட் எதற்குப் போதும் என்பதை ஒரு மேட்டைக் கொண்டு கணக்கிடலாம். ஆளும் வண்டியும் சேர்ந்து 110 கிலோ என்றால், 100 மீட்டருக்கு 10 மீட்டர் உயரும் சரிவில் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் ஏற, புவியீர்ப்பை வெல்ல மட்டும் ஏறத்தாழ 900 வாட் தேவை. சமதளத்திலும் காற்றுத்தடை உண்டு. அதை வெல்லத் தேவையான திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப உயரும். 30லிருந்து 60 கி.மீ.க்குப் போனால் எட்டு மடங்கு. பெயர்ப்பலகையில் எழுதும் வாட், மோட்டார் சூடேறிக் கெடாமல் தொடர்ந்து கொடுக்கக்கூடிய அளவு. சில நொடிகளுக்கு அதைவிடப் பல மடங்கு கொடுக்க முடியும். அதனால் இரு நிறுவனங்களின் வாட் எண்களை அருகருகே வைத்து எது வலுவானது என்று முடிவுகட்ட முடியாது. ஓட்டுபவர்கள் ஒப்பிடுவது, தாம் வழக்கமாகப் போகும் வேகத்தில் இன்னும் எவ்வளவு இழுவை மிச்சம் இருக்கிறது என்பதைத்தான்.

இந்த மிச்சத்தை யார் காவல் காப்பது என்பதில் நிறுவனங்கள் பிரிந்தன. கிங்சாங்கும் இன்மோஷனும் வேக வரம்பை வண்டிக்குள்ளேயே வைத்துப் பின்சாய்வால் தடுத்தன. காட்வே வண்டிகளில் பின்சாய்வை ஓட்டுபவரே அணைத்து வைக்க முடிந்தது. முன்னவை அடங்கிய ஓட்டத்துக்கும், பின்னது கட்டற்ற இழுவைக்கும் பெயர் வாங்கின. காட்வே பின்னாளில் பெகோட் என்று பெயரை மாற்றிக்கொண்டது.

டயரும் பெடலும்

ஓட்ட உணர்வை முதலில் தீர்மானிப்பது சக்கரத்தின் விட்டம். ஒரே முறுக்குவிசை சிறிய சக்கரத்தில் தரையைப் பெரிய விசையோடு தள்ளும். 16 அங்குலச் சக்கரத்தில் கிடைக்கும் உந்தலில் ஏறத்தாழ 73 விழுக்காடுதான், அதே முறுக்குவிசை கொண்ட 22 அங்குலச் சக்கரத்தில் கிடைக்கும். ஆகவே 14, 16 அங்குல வண்டிகள் சொன்ன சொல்லுக்குத் திரும்பும். நெரிசலில் நுழைந்து புறப்படும். சாலைக் குழி மட்டும் அவற்றுக்கு எதிரி. காட்வேயின் மான்ஸ்டர் போன்ற 22 அங்குல வண்டி குழியின் மேல் உருண்டு போய்விடும். நேர்ச்சாலையில் ரயிலைப் போல அசையாமல் ஓடும். அதை வளைக்க உடம்பைக் கொடுக்க வேண்டும். நிறுத்தவும் பொறுமை வேண்டும். இரண்டுக்கும் இடையே 18 அங்குலம் நெடுந்தூரம் போகிறவர்களின் அளவாக அமைந்தது.

அகலமும் அப்படித்தான். தொடக்க கால டயர்கள் 2 அங்குலத்தைச் சற்றே தாண்டியவை. கிங்சாங்கின் கேஎஸ்-16எக்ஸ் (2019) 3 அங்குல டயரைக் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய ஆண்டு வெளிவந்த நைன்பாட் இசட்10 வண்டியில் டயர் அகலம் 4.1 அங்குலம், மோட்டார் 1800 வாட், உச்ச வேகம் மணிக்கு 45 கி.மீ. அகன்ற டயர் மணலிலும் சரளையிலும் மெத்தென்று ஓடியது. ஆனால் நிமிர்ந்து நிற்கவே விரும்பும் அதன் பிடிவாதம், திருப்பங்களில் ஓட்டுபவரோடு மல்லுக்கட்டியது. ஏர்வீல் கியூ3, இன்மோஷன் வி3 போன்றவை இரண்டு மெல்லிய சக்கரங்களை ஒட்டி வைத்தன. புதிதாகக் கற்பவருக்கு அவை எளிது. ஆனால் திருப்பத்தில் சாய்ந்து வளையும் இன்பம் அவற்றில் இல்லாததால் அந்த வகை நீடிக்கவில்லை.

டயருக்கு அடுத்தது பெடலின் இறுக்கம். இது மென்பொருளின் வேலை. கடின நிலையில் வைத்தால் எவ்வளவு சாய்ந்தாலும் பெடல் மேசையைப் போலத் தட்டையாக நிற்கும். மோட்டார் உடனுக்குடன் பதில் கொடுக்கும். மென்மையான நிலையில் பெடல் சற்றே முன்னும் பின்னும் ஆடிய பிறகே வேகம் கூடும் அல்லது குறையும். மலைப்பாதையில் ஏறுபவர்கள் கடினத்தையும், நகரச் சாலையில் நெடுநேரம் ஓட்டுபவர்கள் நடுத்தரத்தையும் விரும்புவது வழக்கம். பெடலைத் தட்டையாக வைக்க மோட்டாரிடம் எப்போதும் இழுவை மிச்சம் இருந்தாக வேண்டும். அது குறைந்த வண்டியில் கடின நிலையும் குழைந்துதான் போகும்.

பின்னர் கூட்டின் பக்கங்களில் முழங்காலுக்குக் கீழே அழுந்தும் திண்டுகள் ஒட்டப்பட்டன. முதலில் ஓட்டுபவர்களே நுரைப்பஞ்சை வெட்டி ஒட்டினார்கள். பிறகு தொழிற்சாலைகள் உடன் கொடுத்தன. திண்டில் காலை ஊன்றி அழுத்தும்போது, பாதத்தால் மட்டும் கொடுக்க முடியாத திருப்புவிசையைக் கொடுக்கலாம். எடை குறைந்தவரும் இப்போது மோட்டாரின் முழு இழுவையைக் கேட்டு வாங்க முடிந்தது. அதே காரணத்தால் மோட்டாரின் எல்லையைத் தாண்டிக் கேட்பதும் எளிதாயிற்று.

வோல்ட் ஏணி

மோட்டாரின் கம்பிச் சுற்றைக் கூட்டினால் ஒரு ஆம்பியருக்குக் கிடைக்கும் முறுக்குவிசை கூடும். உச்ச வேகம் குறையும். சுற்றைக் குறைத்தால் இதற்கு நேர்மாறு. பெகோட் 2021இல் ஆர்எஸ் என்ற வண்டியை ஒரே கூட்டோடும் பேட்டரியோடும், மோட்டாரை மட்டும் மாற்றி இரண்டு வகையாக விற்றது. ஒன்று இழுவைக்கு, மற்றது வேகத்துக்கு. இழுவை வகை தாழ்ந்த வேகத்தில் காலடிக்கு உடனே பதில் சொல்லும். வேக வகை மெதுவாகத் தொடங்கி உயர் வேகத்தில் நிதானமாக ஓடும். இன்மோஷனின் வி12 வண்டியும் இப்படிப் பிரிந்தது.

இரண்டையும் சேர்த்துப் பெற ஒரே வழி, மின்னழுத்தத்தை உயர்த்துவது. வோல்ட் கூடினால் எதிர் மின்னியக்கு விசைக்கு மேல் இடைவெளி கூடும். அதிகச் சுற்றுள்ள மோட்டாரையே வைத்துக்கொண்டு வேகத்தையும் எட்டலாம். அதே திறனைக் குறைந்த மின்னோட்டத்தில் கொடுப்பதால் கம்பிகளும் குறைவாகச் சூடேறும். 16 செல் வரிசை 67.2 வோல்ட். 2016, 2017 அளவில் 20 செல் வரிசை பரவி 84 வோல்ட் ஆனது. இன்மோஷன் வி8, 14 கிலோ எடைக்குள் அந்த மின்னழுத்தத்தையும் 800 வாட் மோட்டாரையும் அடக்கி, தினசரி ஓட்டத்துக்குப் பெயர்பெற்றது. காட்வே 2018இல் வெளியிட்ட எம்எஸ்எக்ஸ் 84 வோல்ட்டில் 2000 வாட் மோட்டாரை ஓட்டியது.

அடுத்த படி 24 செல், 100.8 வோல்ட். லீப்பர்கிம் நிறுவனம் வெட்டரன் என்ற பெயரில் 2020இல் கொண்டுவந்த ஷெர்மன் இதில் முக்கியமானது. 2500 வாட் மோட்டார், 3200 வாட்-மணி பேட்டரி, சுமார் 35 கிலோ எடை. நைன்பாட் இ-பிளஸ்ஸைவிடப் பேட்டரி பத்து மடங்கு. ஷெர்மன், அதன்பின் வந்த ஏப்ரம்ஸ், பேட்டன் எல்லாம் அமெரிக்கப் பீரங்கி வண்டிகளின் பெயர்கள். அந்தப் பெயருக்கு ஏற்பவே ஓட்டமும் கனத்தது. பேட்டரியின் எடையே வண்டியை அசையாமல் வைத்தது. திடீர்த் திருப்பத்தில் அதே எடை சுமையானது. 2022இல் கிங்சாங் எஸ்22 வண்டி 126 வோல்ட்டையும் பெகோட் மாஸ்டர் 134 வோல்ட்டையும் எட்டின. 2024இல் லீப்பர்கிம்மின் லிங்ஸ் 36 செல்லோடு 151 வோல்ட் ஆனது.

சஸ்பென்ஷன்

மோட்டார் சக்கரத்துக்குள்ளேயே இருப்பதால் ஒற்றைச்சக்கரத்தில் குழியின் அடி நேராக முழங்காலுக்குப் போகும். 2020வரை காற்று நிரப்பிய டயரும் ஓட்டுபவரின் மடித்த முழங்காலுமே சஸ்பென்ஷன். அந்த ஆண்டில் இன்மோஷன் வி11, கிங்சாங் எஸ்18 ஆகிய இரண்டு வண்டிகள் ஏறத்தாழ ஒரே காலத்தில் ஷாக் அப்சார்பரோடு வந்தன. இரண்டிலும் 2200 வாட் மோட்டார், 84 வோல்ட். வி11 காற்றழுத்தக் குழாய்களைப் பயன்படுத்தியது. எஸ்18 இணைப்புக் கைகளோடு கூடிய ஒரே ஷாக்கைக் கூட்டின் மேல் ஏற்றியது.

சஸ்பென்ஷன் சொகுசுக்கு மட்டும் பயன்படவில்லை. குழியில் சக்கரம் தரையை விட்டு எழும்பினால் அந்தக் கணத்தில் மோட்டாருக்குப் பிடிமானம் இல்லை. திரும்ப இறங்கும்போது ஒரு பெரிய இழுவை திடீரென்று தேவைப்படும். டயர் தரையோடு ஒட்டியே இருந்தால் அந்தத் தேவை எழுவதில்லை. இழுவையைக் கூட்டாமலே கையிருப்பைக் காப்பாற்றிய முன்னேற்றம் இது. மறுபக்கம், ஸ்பிரிங் அமுங்கும்போது பெடலின் உயரம் மாறுவதால், கடின ஓட்டத்துக்குப் பழகியவர்களுக்கு முதலில் வண்டி மிதப்பதைப் போலத் தோன்றியது. காட்டுப்பாதையில் குதித்து ஓட்டும் பழக்கம் சஸ்பென்ஷனுக்குப் பிறகே வளர்ந்தது. 16 அங்குலச் சக்கரமும் 4000 வாட் மோட்டாரும் கொண்ட, 40 கிலோ எடையுள்ள இன்மோஷன் வி14 (2023) அந்தப் பழக்கத்துக்கென்றே செய்யப்பட்டது. அதே நிறுவனத்தின் 22 அங்குல வி13, 3024 வாட்-மணி பேட்டரியோடு 50 கிலோவைத் தாண்டி, நெடுஞ்சாலை வேகத்தை நோக்கிப் போனது.

சட்டம் நிறுத்திய இடம்

மோட்டார்கள் ஏறிய வேகத்துக்குச் சட்டங்கள் ஏறவில்லை. ஜெர்மனியில் 2019 ஜூன் 15 முதல் நடப்புக்கு வந்த சிறு மின்வண்டி விதி, கைப்பிடித் தண்டு உள்ள வண்டிகளை மட்டுமே சாலையில் அனுமதித்தது. ஒற்றைச்சக்கரம் வெளியே நின்றது. பிரான்ஸ் அதே ஆண்டு அக்டோபரில் தனியாள் மின்வண்டிகளுக்கு மணிக்கு 25 கி.மீ. வரம்பு வைத்தது. பிரிட்டனில் சொந்த நிலத்தில் மட்டுமே ஓட்டலாம். சிங்கப்பூரில் எடை 20 கிலோ, அகலம் 70 செ.மீ., வேகம் மணிக்கு 25 கி.மீ. என்ற வரம்புகளோடு, பேட்டரித் தீயைத் தடுக்க யுஎல் 2272 என்ற பாதுகாப்புச் சான்றும் கட்டாயமாயிற்று. 2020 ஏப்ரல் முதல் நடைபாதைகளில் இவை ஓடவும் தடை வந்தது.

இந்த வரம்புகளுக்குள் நிற்கக்கூடியவை சோலோவீலின் வழிவந்த இலகுவான வண்டிகளே. கனமான வண்டிகள் காடு, மலை, சொந்த நிலம், சட்டம் தெளிவாக இல்லாத சாலைகள் என்று வேறு இடங்களைத் தேடிக்கொண்டன. ஒப்பிட்டு வாங்குபவருக்கு இந்த வரலாறு காட்டும் முறை எளியது. எவ்வளவு வேகத்தில் ஓட்டப்போகிறோம், எந்தச் சாலையில், எத்தனை கிலோவைத் தூக்க முடியும் என்பவற்றை முதலில் முடிவுசெய்து, அந்த வேகத்தில் பாதி சார்ஜிலும் இழுவை மிஞ்சும் வண்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்கு மேற்பட்ட வாட் எல்லாம் எடையாகத்தான் வந்து சேரும். எந்த வண்டியானாலும் ஹெல்மெட்டும் மணிக்கட்டுக் கவசமும் இல்லாமல் அதில் ஏறக் கூடாது.